மரம் வளர்கிறது, விலை ஏறுகிறது: ஐஸ்லாந்து மொழியில் வளர்ச்சிச் சொற்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

ஆங்கிலத்தில் 'குரோ' என்ற ஒரு வினை பல வேலை செய்யும். மரம், குழந்தை, கம்பெனி, மக்கள்தொகை, தாடி என எதற்கும் அது போதும். ஐஸ்லாந்து மொழியில் இவை எல்லாவற்றுக்கும் ஒரே வினை போதாது. ஆங்கிலம் வழியாக அந்த மொழியைப் படிக்கிறவர்கள் அகராதியில் முதலில் இருக்கும் சொல்லை எடுத்து எல்லா இடத்திலும் வைத்துவிடுகிறார்கள். நம்மவர்கள் ஆங்கிலத்தை விட்டுவிட்டுத் தமிழிலிருந்து நேராகப் போனால் பாதி வேலை மிச்சம்.

அகராதியில் முதலில் வருவது 'வக்ஸா'. தானாக வளர்வது மட்டுமே இதன் பொருள்; நம் இலக்கணத்தில் தன்வினை. மரம், புல், பிள்ளை எல்லாவற்றுக்கும் சரி. ஆனால் இது ஒழுங்கற்ற வினை. 'வளர்கிறது' என்பதற்கு 'வெக்ஸ்', 'வளர்ந்தது' என்பதற்கு 'ஓக்ஸ்', 'வளர்ந்தன' என்பதற்கு 'உக்ஸூ', 'வளர்ந்திருக்கிறது' என்பதில் வரும் 'வளர்ந்து' போன்ற எச்ச வடிவம் 'வக்ஸித்'. இந்த நான்கையும் சேர்த்தே மனப்பாடம் செய்ய வேண்டும். இறந்தகாலத்தை 'வக்ஸாதி' என்று இவர்களாகவே செய்துகொள்வது புதியவர்களின் வழக்கமான தவறு.

தோட்டக்காரர் உருளைக்கிழங்கு வளர்க்கிறார் என்றால் வினை மாறும்: 'ரைஹ்தா'. அங்கே 'வக்ஸா' போட்டால், 'நான் உருளைக்கிழங்கு வளர்கிறேன்' என்று தமிழில் சொன்னது போல் இருக்கும். காடு வளர்ப்பு 'ஸ்கோக்ரைஹ்த்'. தாடி வளர்ப்பது இன்னும் வேடிக்கை: அதை அவர்கள் சேர்க்கிறார்கள், 'சப்னா ஸ்கெக்கி'. காசு சேர்ப்பதற்கும் அதே 'சப்னா'தான்.

பெருகு, பெருக்கு என்று நாம் ஓர் எழுத்தைக் கூட்டித் தன்வினையைப் பிறவினையாக்குகிறோம். பல வினைகளில் அவர்கள் தலைகீழாகச் செய்கிறார்கள். பிறவினை மூலம், அதன் கடைசியில் 'ஸ்த்' சேர்த்தால் தன்வினை. 'ஒய்கா' என்றால் பெருக்கு, 'ஒய்காஸ்த்' என்றால் பெருகு. அரசு செலவைக் கூட்டுகிறது என்றால் முன்னது, பணவீக்கம் கூடுகிறது என்றால் பின்னது. 'த்ரோவா' ஒன்றை உருவாக்கி மேம்படுத்துவது, 'த்ரோவாஸ்த்' தானே மேம்பட்டு வருவது. 'த்ரோவா'வின் முதல் 'த்' வரும் இடத்தில் நாக்கு நுனியைப் பற்களுக்கு நடுவே வைத்து ஊத வேண்டும். நம் 'த'வைப் போல அடித்துச் சொன்னால் வேறு எழுத்தாகக் கேட்கும்.

அளவில் பெரிதாவதற்கு 'ஸ்டைஹ்கா': நகரம் விரிவது, கம்பெனி பெரிதாவது. விலை, சம்பளம், வெப்பநிலை உயர 'ஹைஹ்கா'. வயதாவதற்கு 'எல்தாஸ்த்'. ஓர் ஊரில் பிறந்து வளர்ந்ததைச் சொல்ல 'அலாஸ்த் உப்'.

எண்ணிக்கை கூடுவதற்கு 'ஃப்யொல்கா'. இதில் ஆங்கிலம் தாய்மொழியானவர்கள் திணறுவார்கள். நாம் திணற வேண்டியதில்லை. கூடுகிற ஆட்கள் எழுவாய் வேற்றுமையில் வரமாட்டார்கள், நான்காம் வேற்றுமைக்கு நிகரான வடிவில் வருவார்கள். குடியிருப்போர் 'ஈபூஅர்'. அவர்கள் தொகை கூடுகிறது என்றால் 'ஈபூஉம் ஃப்யொல்கர்'. வினை எப்போதும் ஒருமையில் நிற்கும். 'எனக்குப் பசிக்கிறது' என்று பேசிப் பழகிய வாய்க்கு இதில் என்ன கஷ்டம்? 'ஈபூஅர்' என்று எழுவாயாகவே வைத்துப் பன்மை வினை போடுவதுதான் ஆங்கிலம் வழி வருகிற பிழை. பொழுது இருட்டுவதற்கும் எழுவாய் தேட வேண்டாம். 'இருட்டுகிறது' என்ற நம் ஒற்றைச் சொல்லைப் போலவே 'திம்மிர்' என்ற வினை போதும். முன்னால் ஒப்புக்கு ஒரு 'தாத்' மட்டும் வரும்.

இனிப் பெயர்ச்சொற்கள். வளர்ச்சி 'வெக்ஸ்துர்', ஆண்பால். முதல் உயிரை உதட்டைக் குவித்துக்கொண்டு 'எ' சொல்வது போல ஒலிக்க வேண்டும். இதன் பன்மை 'வெக்ஸ்திர்'. அந்தப் பன்மைக்கு வட்டி என்று பொருள்! 2008 அக்டோபரில் நாட்டின் பெரிய வங்கிகள் சரிந்தன. அந்த மாதக் கடைசியில் மத்திய வங்கி தன் கொள்கை வட்டியை 18 சதவீதமாக உயர்த்தியது. செய்தியில் அதன் பெயர் 'ஸ்தீரிவெக்ஸ்திர்'. பொருளாதார வளர்ச்சியோ 'ஹாக்வெக்ஸ்துர்'. ஒன்றை மற்றொன்றாகப் படித்தால் செய்தியே புரண்டுவிடும்.

கூட்டுச்சொல்லில் ஆபத்து இன்னும் அதிகம். கூட்டுச்சொல்லின் முன்பகுதி பெரும்பாலும் ஆறாம் வேற்றுமை வடிவில் நிற்கும். ஒருமையில் அது 'வக்ஸ்தர்', பன்மையில் 'வக்ஸ்தா'. வேறுபாடு ஒரே ஒரு 'ர்'. வளரும் பிள்ளைகளுக்கு வரும் கால்வலி 'வக்ஸ்தர்வெர்கிர்'. வட்டி உயர்வு 'வக்ஸ்தாஹைஹ்குன்'. ஆகவே பெயர்ச்சொல்லைக் குறிப்பேட்டில் எழுதும்போது பால், ஆறாம் வேற்றுமை ஒருமை, எழுவாய்ப் பன்மை ஆகிய மூன்றையும் உடன் எழுதிக்கொள்ளுங்கள். தலைநகர் ரெய்க்யாவிக்கிலுள்ள, ஐஸ்லாந்து மொழியை ஆராயும் ஆர்னி மாக்னூசன் நிறுவனம் எல்லா வேற்றுமை வடிவங்களையும் இணையத்தில் இலவசமாகத் தருகிறது. எதையும் ஊகிக்க வேண்டாம்.

'டெவலப்மென்ட்' என்பதற்கு இரண்டு சொல். நாடு, தொழில்நுட்பம், உயிரினப் பரிணாமம் எல்லாம் 'த்ரோவுன்', பெண்பால். வளரும் நாடுகள் 'த்ரோவுனர்லோண்ட்', பரிணாமக் கோட்பாடு 'த்ரோவுனர்கென்னிங்'. மனிதரின் உடலும் மனமும் முதிர்வது 'த்ரொஸ்கி', ஆண்பால். குழந்தை வளர்ச்சியைப் பற்றி மருத்துவரிடம் பேசும்போது 'த்ரோவுன்' போட்டால் ஏதோ திட்ட அறிக்கை வாசிப்பது போலிருக்கும். ஒரு நாட்டை 'த்ரொஸ்கி' இல்லாதது என்று சொல்வது அதைவிட மோசம். அது பக்குவமற்றது என்று திட்டுவதாகிவிடும்.

அந்த மண்ணோடு ஒட்டிய சொல் ஒன்று உண்டு: 'க்ரோவா'. செடி துளிர்ப்பதும் புண் ஆறுவதும் இந்த ஒரே வினையில் அடங்கும். இதன் பிறவினை 'க்ரைதா': ஆற்று, துளிர்க்கச் செய். லாபம் சம்பாதிப்பதற்கும் அதுவே. ஒன்பதாம் நூற்றாண்டில் குடியேறியவர்கள் பிர்ச் காடுகளை வெட்டினார்கள், ஆடு மேய்த்தார்கள். எரிமலைச் சாம்பல் கலந்த இலேசான மண்ணைக் காற்று வாரிக்கொண்டு போனது. அதைத் தடுக்க 1907இல் சட்டம் வந்தது. அந்த மண் மீட்புப் பணியின் பெயர் 'லாண்ட்க்ரைத்ஸ்லா', அதாவது நிலத்தை ஆற்றுதல். அதைக் கவனித்த அமைப்பும் காடு வளர்ப்பு அமைப்பும் 2024இல் ஒன்றாயின. செய்தித்தாளில் 'லாண்ட்க்ரைத்ஸ்லா' என்ற சொல் அடிக்கடி வரும். ஊர்ப்புறத்தில் தங்குகிறவர்கள் முதல் மாதத்திலேயே கற்றுக்கொள்ளலாம். வெந்நீர் ஊற்றின் சூட்டில் தக்காளி விளையும் கண்ணாடிக் குடில் 'க்ரோதுர்ஹூஸ்'. க்வெராகெர்தி ஊர்ப்பக்கம் போனால் அவற்றைப் பார்க்கலாம்.

கடைசியாக, இந்தக் குடும்பத்தில் சேராத இரண்டு. ஃபிலிம் ரோலைக் கழுவிப் படமாக்குவது ஆங்கிலத்தில் 'டெவலப்'. அங்கே 'ஃப்ரம்கட்லா', வெளியே அழைத்தல். உடம்பில் வரும் கட்டியை ஆங்கிலத்தில் 'குரோத்' என்பார்கள். ஐஸ்லாந்து மருத்துவமனையில் அதற்கு 'ஐக்ஸ்லி' என்றே சொல்ல வேண்டும். 'வெக்ஸ்துர்' என்றால் உயரத்தைப் பற்றிக் கேட்கிறீர்கள் என்று நினைத்து அளவுகோலை எடுத்துவிடுவார்கள்.

நன்றி, வணக்கம்.