சந்துக்குள் ஒரு சர்க்கார்

(பழைய கார்ட்டூன் திரையிடல் ஒன்றுக்கு முன் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

நண்பர்களே, வணக்கம். கொஞ்ச நேரத்தில் படம் போட்டுவிடுவார்கள். அதற்குள் ஒரு மஞ்சள் பூனையைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். தலையில் தட்டைத் தொப்பி, உடம்பில் ஊதா நிறக் கையில்லாச் சட்டை. கால்சட்டை கிடையாது, ஏன் என்று யாரும் கேட்பதும் கிடையாது. குடியிருப்பு, நியூயார்க் சந்து ஒன்றில் ஒரு குப்பைத் தொட்டி. பெயர் டாப் கேட்.

1961 செப்டம்பரில் அமெரிக்காவின் ஏ.பி.சி. தொலைக்காட்சியில் தொடங்கி, அடுத்த ஏப்ரலில் நின்றுபோன தொடர் இது. மொத்தமே 30 அத்தியாயங்கள். நம்மில் பலர் கார்ட்டூன் நெட்வொர்க் வந்த பிறகுதான் இதைப் பார்த்தோம், குழந்தைகள் நிகழ்ச்சி என்று நினைத்துக்கொண்டு. உண்மையில் புதன்கிழமை இரவு, குடும்பமே உட்கார்ந்து பார்க்கிற நேரத்துக்கு எடுத்தது. வண்ணத்தில் எடுத்தார்கள். ஆனால் ஏ.பி.சி. அப்போது கறுப்பு வெள்ளையில்தான் ஒளிபரப்பிக்கொண்டிருந்தது. அதனால் அந்த ஊதாச் சட்டையை முதலில் பார்த்தவர்கள் சாம்பல் நிறத்தில்தான் பார்த்தார்கள்.

இதை எடுத்தவர்கள் வில்லியம் ஹன்னாவும் ஜோசப் பார்பெராவும். டாம் அண்ட் ஜெர்ரியை உருவாக்கிய அதே இருவர். எம்.ஜி.எம். நிறுவனத்தில் இருந்தபோது அந்தப் பூனையும் எலியும் ஏழு ஆஸ்கர் வாங்கித் தந்தன. 1957இல் எம்.ஜி.எம். தன் கார்ட்டூன் பிரிவையே இழுத்து மூடியது. ஏழு ஆஸ்கர் வாங்கியவர்கள் வேலை தேட வேண்டிய நிலை! சரி, தொலைக்காட்சிக்குப் போவோம் என்றால் அங்கே காசு இல்லை. டாம் அண்ட் ஜெர்ரியின் ஏழு நிமிடப் படம் ஒன்றுக்கு 40,000 டாலருக்கு மேல் செலவானது. தொலைக்காட்சிக்காரர்கள் ஒரு குறும்படத்துக்குத் தந்தது சுமார் 3,000 டாலர்.

என்ன செய்வது? படம் வரைவதைக் குறைக்க வேண்டியதுதான். திரையில் ஒரு நொடிக்கு 24 பிம்பங்கள் ஓடுகின்றன. ஒவ்வொரு படத்தையும் இரண்டு பிம்பத்துக்கு நிறுத்தினாலும் ஏழு நிமிடத்துக்கு 5,000 படங்களுக்கு மேல் வேண்டும். அதனால் உடம்பை ஒரு கண்ணாடித் தாளில் அசையாமல் வைத்துவிட்டு, தலையை வேறொரு தாளில், வாயை இன்னொன்றில் வரைந்து மாற்றிக்கொண்டார்கள். இவர்களின் இன்னொரு கார்ட்டூனில் காட்டில் சட்டையில்லாமல் திரிகிற யோகிக் கரடிக்குக் கழுத்தில் மட்டும் காலரும் டையும் எதற்கு? தலையும் உடம்பும் ஒட்டுகிற இடத்தை மறைக்கத்தான். டாப் கேட்டும் கூட்டாளிப் பூனைகளும் ஓடும்போது பின்னால் அதே வேலி, அதே தொட்டி, அதே ஜன்னல் திரும்பத் திரும்ப வரும். இன்று எண்ணிப் பாருங்கள், வேடிக்கையாக இருக்கும்.

சக் ஜோன்ஸ் என்ற பெரிய கார்ட்டூன் மேதை இந்த வகைத் தொலைக்காட்சிப் படங்களைப் ‘படம் போட்ட வானொலி’ என்று கிண்டல் செய்தார். திட்டுவதற்காகச் சொன்னார், நான் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வானொலியில் ஒலிச்சித்திரம் கேட்டு வளர்ந்த யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. வசனமும் குரலும் சரியாக அமைந்துவிட்டால் படம் தானாக மனதில் ஓடும். கோடு நகராத இடத்தில் குரல் நகர்ந்தது. அதுதான் டாப் கேட்.

அந்தக் குரல் எங்கிருந்து வந்தது? 1955 முதல் 1959 வரை அமெரிக்காவில் ஓடிய ‘ஃபில் சில்வர்ஸ் ஷோ’வில் சார்ஜன்ட் பில்கோ என்று ஒரு ராணுவ எத்தன் வருவான். மேலதிகாரி கண்ணில் மண்ணைத் தூவி, தன் ஆட்களை வைத்து விதவிதமாகக் காசு பண்ணப் பார்ப்பவன். அவனை அப்படியே தூக்கிவந்து பூனையாக்கினார்கள். முகாம் சந்தானது, கர்னலின் இடத்தில் டிபிள் என்கிற போலீஸ்காரர் வந்தார். ஒளிவுமறைவெல்லாம் இல்லை. அந்தத் தொடரில் குண்டுச் சிப்பாய் டோபர்மேனாக நடித்த மாரிஸ் காஸ்ஃபீல்டையே கூப்பிட்டு, பென்னி என்கிற குட்டைக் குண்டுப் பூனைக்குக் குரல் கொடுக்க வைத்தார்கள். டாப் கேட்டுக்குக் குரல் தந்த ஆர்னால்ட் ஸ்டாங் வானொலியில் பேர் வாங்கியவர். ஒல்லியான ஆள், மூக்கால் பேசுகிற கீச்சுக் குரல்தான் அவர் அடையாளம். இங்கே அதைக் கொஞ்சம் தாழ்த்தி, வழவழப்பாக்கி, பில்கோவின் வேகத்தில் பொழிந்தார்.

தொடக்கப் பாட்டிலேயே ஆளைத் தெரிந்துவிடும். கனவானைப் போல வந்து, கதவைத் திறந்துவிட்ட வாயிற்காவலர் கையில் ஒரு நாணயத்தை வைப்பார் டாப் கேட். அடுத்த நொடி அது கையை விட்டுப் பறந்துவிடும். நூலில் கட்டிய நாணயம். சந்தில் இருக்கிற போலீஸ் தொலைபேசியும் அவருக்குச் சொந்தத் தொலைபேசி மாதிரிதான். பாவம் டிபிள், அது அரசாங்கச் சொத்து என்று சொல்லிச் சொல்லியே ஓய்ந்துபோவார். ஆனால் கவனியுங்கள், பெரிய கொள்ளை எதுவும் இந்தப் பூனைக்குக் கைகூடாது. எல்லாத் திட்டமும் பிசகி, கடைசியில் அதே குப்பைத் தொட்டிக்கே திரும்ப வேண்டியிருக்கும். ஜெயித்திருந்தால் நமக்குப் பிடித்திருக்காது என்பது என் கட்சி.

அமெரிக்காவில் ஒரே பருவத்தோடு முடிந்த கதை, கடல் தாண்டியதும் வேறு மாதிரி ஆனது. பிரிட்டனில் பி.பி.சி. வாங்கியது. அங்கே ‘டாப் கேட்’ என்ற பெயரில் பூனைத் தீனி விற்றுக்கொண்டிருந்தார்கள். விளம்பரமே போடாத பி.பி.சி., தொடரின் பெயரை ‘பாஸ் கேட்’ என்று மாற்றியது. தலைப்பு அட்டையைத்தான் மாற்ற முடிந்தது. பாட்டிலும் வசனத்திலும் எல்லோரும் டாப் கேட் என்றே கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். போலீஸ்காரரை ‘டிபிள்’ என்று சொல்லும் வழக்கு இங்கிலாந்தில் இந்தத் தொடரால்தான் வந்தது. மான்செஸ்டர் பக்கம் போனால் காதில் விழும்.

மெக்சிகோ கதை இன்னும் சுவாரசியம். குரலை நம்பி எடுத்த தொடரில் குரலை அடியோடு மாற்றினால் என்ன மிஞ்சும்? அங்கே டாப் கேட் ‘டான் காட்டோ’ ஆனார். ஹூலியோ லுசெனா குரல் கொடுத்தார். டிபிள், மட்டூட்டே ஆனார். பென்னிக்கும், கூட்டத்தில் இன்னொரு பூனையான சூ-சூவுக்கும் குரல் தந்தவர் ஒருவரே, ஹோர்ஹே அர்விசு. அவர் பேசிய பென்னி கொஞ்சுகிற குழந்தைபோல இருக்கும். சூ-சூவோ யுகடான் வட்டாரத்துப் பேச்சு பேசும்! நியூயார்க் சந்தில் தென்கிழக்கு மெக்சிகோவின் வழக்கு. யாரும் குறை சொல்லவில்லை. அசையாத உடம்பும் திறந்து மூடுகிற வாயும் இருந்தால் போதும், யார் ஊர் பேச்சையும் அதில் ஏற்றிவிடலாம். சிக்கனத்துக்காகச் செய்த வேலை டப்பிங் கலைஞர்களுக்கு வாசல் திறந்துவிட்டது. லத்தீன் அமெரிக்காவில் தலைமுறை தலைமுறையாக மறு ஒளிபரப்பானது. 2011இல் டாப் கேட்டை வைத்து முழுநீளத் திரைப்படம் வந்தபோது, எடுத்தது ஹாலிவுட் அல்ல, மெக்சிகோவின் அனிமா ஸ்டுடியோஸ். படம் சுமார்தான். ஆனால் அதை எடுக்கும் உரிமை அவர்களுக்கு இருந்தது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

சரி, போதும் என்று அங்கிருந்து சைகை காட்டுகிறார்கள். இப்போது ஒரே அத்தியாயத்தின் முதல் ஐந்து நிமிடத்தை மூன்று முறை போடப்போகிறோம். முதலில் ஒலியை நிறுத்திவிட்டு, அப்புறம் ஆங்கிலத்தில், பிறகு மெக்சிகோ ஸ்பானியத்தில். ஸ்பானியம் தெரியாதவர்கள் எழுந்து போய்விடாதீர்கள், எனக்கும் தெரியாது. அனிமேஷன் படிக்கிற மாணவர்கள் முன்வரிசைக்கு வாருங்கள், பின்னணி வேலி எத்தனை முறை திரும்ப வருகிறது என்று நீங்கள்தான் எண்ண வேண்டும்.