ஆள் குறைந்த வீடுகளில் நம் மூத்தவர்கள்

நேயர்களுக்கு வணக்கம். வேலைக்காகவும் படிப்புக்காகவும் பிள்ளைகள் ஆஸ்திரேலியாவுக்கும் கனடாவுக்கும் ஜோஹன்னஸ்பர்க்குக்கும் போய்விட்ட பிறகு, தென்னாப்பிரிக்காவின் டர்பனிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் பெரிய வீட்டில் ஒற்றை ஆளாகக் காலம் தள்ளும் மூத்தவர்களோடு இன்று பேச வந்திருக்கிறேன். அவர்களின் அண்டை வீட்டாரும் இதைக் கேட்டால் மகிழ்வேன்.

இந்த மண்ணில் நம் முன்னோர் அறியாத துன்பம் குறைவு. ஆனால் வீட்டுக்குள் ஒருவராகவே இருக்கும் துன்பத்தை அவர்கள் அதிகம் அறிந்ததில்லை. 1860 முதல் கரும்புத் தோட்டங்களுக்கு வந்தவர்கள் நெருக்கமான வரிசை வீடுகளில் வாழ்ந்தார்கள். டர்பன் நகராட்சித் தொழிலாளர்கள் குடியிருந்த மேகசின் பாரக்ஸில், ஒரு வீட்டுக் குழந்தை அழுதால் பல வீடுகளுக்குக் கேட்கும். எந்த இனத்தார் எங்கே குடியிருக்கலாம் என்று பிரித்த 1950-ஆம் ஆண்டின் குழுப் பகுதிகள் சட்டத்தைக் காட்டி, அந்த மக்களை இந்தியர்களுக்கென ஒதுக்கிய சாட்ஸ்வொர்த்துக்குப் பெயர்த்தபோது, பல தலைமுறைகளாகக் கூடி வளர்ந்த அக்கம்பக்கம் கலைந்துபோனது. அங்கும் புதிதாக உறவு வளர்த்தார்கள். பிறகு திருட்டுப் பயம் வந்தது. மதில் உயர்ந்தது, சன்னலுக்குக் கம்பியும் வாசலுக்கு இரும்புக் கதவும் வந்தன. அவை வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால், சர்க்கரை கேட்டு வருகிற பக்கத்து வீட்டுப் பெண்ணையும் அந்தக் கதவு வெளியே நிறுத்திவிட்டது.

தனிமை உணர்வைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த சிகாகோ பல்கலைக்கழக உளவியலாளர் ஜான் கசியோப்போ, அதைப் பசி, தாகம் போன்ற ஓர் உடல் எச்சரிக்கை என்றே விளக்கினார். பசித்தால் உணவைத் தேடுவது போல, தனிமை வாட்டும்போது மனிதரைத் தேட வேண்டும் என்பதற்காகவே அந்த வலி இருக்கிறது. ஆகவே, தனிமையாக உணர்கிறேன் என்று சொல்வதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஆனால் அந்த வலி நீண்டு நிலைத்துவிட்டால் மனம் தற்காப்புக்குப் போய்விடுகிறது. பிறர் சொல்லாத குற்றத்தையும் அவர்கள் பேச்சில் தேடத் தொடங்குகிறது என்றும் அவர் கண்டார். இதை நம் வீடுகளிலேயே பார்க்கலாம். ஞாயிற்றுக்கிழமை பெர்த்திலிருந்து மகன் அழைக்கிறான். வாரம் முழுவதும் அந்த அழைப்புக்காகவே காத்திருந்த தாய், எடுத்தவுடன், "இப்பத்தான் அம்மா ஞாபகம் வந்துச்சா?" என்கிறார். மகன் வேலைப்பளுவைச் சொல்லிச் சமாளிக்கிறான், பேச்சு சுருங்குகிறது, அடுத்த அழைப்பு தள்ளிப்போகிறது. இருவரிடமும் அன்புக்குக் குறைவில்லை. ஏக்கம் கோபத்தின் குரலில் வெளிவந்துவிட்டது, அவ்வளவுதான்.

இதைவிட ஆழமான தனிமை ஒன்றும் நம்மிடையே உண்டு. தமிழில் சிரிக்கவும் தமிழில் திட்டவும் தெரிந்த கடைசி ஆளாகத் தம் குடும்பத்தில் எஞ்சியிருக்கும் ஆயாக்கள் பலர் இருக்கிறார்கள். பேரப்பிள்ளைகள் ஆங்கிலத்தில் அன்பாகத்தான் பேசுகிறார்கள். ஆனாலும் தம் தாய் சொன்ன ஒரு பழமொழியைச் சொன்னால் புரிந்துகொண்டு தலையாட்ட ஆள் இல்லாதபோது, நிறைந்த கூடத்திலும் அவர்கள் தனியாகவே அமர்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கு ஒன்று சொல்வேன். உலகில் ஆறு பேரில் ஒருவர் தனிமையால் பாதிக்கப்பட்டிருப்பதாக உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆணையம் 2025-இல் தெரிவித்தது. அதில் முதியவர்களைவிட இளையவர்களின் விகிதமே அதிகம். வெளிநாட்டு விடுதி அறையில் இருக்கும் உங்கள் பேத்தியும் உங்களைப் போலவே யாராவது அழைக்கமாட்டார்களா என்று கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். காத்திருக்காமல் நீங்களே அழையுங்கள். புளிக்குழம்பு தாளிக்கும் பக்குவத்தைத் தமிழிலும் ஆங்கிலத்திலுமாகக் குரல் பதிவில் பேசி வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள்.

இனி, தனித்திருக்கும் நேரத்தை எப்படி நிறைவாக்குவது? இந்த நாட்டில் அதற்கு நெல்சன் மண்டேலாவைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. 1982-இல் அவரைப் போல்ஸ்மூர் சிறைக்கு மாற்றினார்கள். அங்கே மாடியில், இரண்டாக அறுத்த எண்ணெய்ப் பீப்பாய்களில் மண் நிரப்பிக் காய்கறி பயிரிட்டார். விளைந்ததைச் சிறைச் சமையலறைக்கும் காவலர்களுக்கும் கொடுத்தார். 1985-இல் அறுவை சிகிச்சை முடிந்து திரும்பியபோது, சிசுலு, கத்ராடா முதலிய தோழர்களிடமிருந்து பிரித்துத் தனியாக வைத்தார்கள். தோழர்கள் கொதித்தார்கள். அவரோ எதிர்ப்புத் தெரிவிக்க வேண்டாம் என்றார். தனியாக இருப்பதையே வாய்ப்பாகக் கொண்டு அரசோடு பேச்சைத் தொடங்க முனைந்தார். அவர் அந்தத் தனிமையைத் தேடிப் போகவில்லை. வந்துவிட்டதை வீணாக்கவும் இல்லை. பிறருக்குக் கொடுக்க அவர் கையில் எப்போதும் ஏதோ ஒன்று இருந்தது என்பதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

அன்றாட வாழ்க்கையிலும் இதற்கு இடம் உண்டு. காலையில் விளக்கைத் துடைத்து, திரி திரித்து, எண்ணெய் ஊற்றி ஏற்றும் அந்தச் சிறிது நேரத்தில் தொலைக்காட்சியை அணைத்துவிடுங்கள். நாள் முழுவதும் அது ஓடிக்கொண்டிருந்தால் வீடு நிறைந்ததுபோலத் தோன்றும், மனம் மட்டும் நிறையாது. புழக்கடையில் கறிவேப்பிலையும் புதினாவும் உங்கள் வீட்டுத் தேவைக்கு மேல் ஒரு பங்கு வளரட்டும். யாரோ ஒருவருக்கு நாம் தேவைப்படுகிறோம் என்ற உறுதி இருந்தால், தனியாக இருக்கும் மதிய வேளை பாரமாகத் தெரியாது. ஆனால், வாரக்கணக்கில் உறக்கமும் பசியும் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல் போனால் அதை வெறும் தனிமை என்று விட்டுவிடாதீர்கள். மருத்துவரிடமோ கிளினிக் செவிலியரிடமோ வாய்விட்டுச் சொல்லுங்கள். மருந்தும் ஆலோசனையும் வேண்டிய நோயாக அது இருக்கலாம்.

அண்டை வீட்டாருக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் தெருவில் எந்த வீட்டில் ஒருவர் மட்டும் இருக்கிறார் என்பது உங்களுக்குத் தெரியும். ஆடி மாதத்தில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும்போது, அந்த வீட்டுக்கும் மூடியுள்ள நல்ல பாத்திரம் ஒன்றில் கொண்டுபோங்கள். பாத்திரத்தை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள். வாங்கிய பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தர நம் ஆயாக்களுக்கு மனம் வராது. அதில் எதை வைத்துத் தரலாம் என்று யோசிப்பதற்கும், அதைச் செய்து எடுத்துக்கொண்டு உங்கள் வாசலுக்கு வருவதற்கும் அவர்களுக்கு ஒரு காரணம் கிடைக்கும். வணக்கம்.