சங்கரா சினை வைக்கும் மாதம் மாறிவிட்டதா? காசிமேட்டிலேயே செய்யக்கூடிய மாணவர் ஆய்வு

வணக்கம் நண்பர்களே. ஏப்ரல் 15 வந்துவிட்டால் வடசென்னை மீன்பிடித் துறைமுகமான காசிமேட்டில் விசைப்படகுகள் எல்லாம் வரிசையாகக் கட்டிக் கிடக்கும். ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். எதற்கு என்று கேட்டால் மீன் முட்டை போடும் காலம் என்று சின்னப் பிள்ளையும் சொல்லும். சரி, அந்த 61 நாளில் நம்ம சங்கரா மீன் முட்டை போடுகிறதா? இந்த வீடியோ முழுக்க இந்த ஒரு கேள்விதான்.

பின்னணியைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். புவி வெப்பமாவதால் சேரும் கூடுதல் வெப்பத்தில் 90 சதவீதத்துக்கும் மேல் கடல்தான் வாங்கிக்கொள்கிறது. தண்ணீர் எவ்வளவு சூடோ, ஏறக்குறைய அவ்வளவுதான் மீனின் உடம்பும். சூடு தாங்காத மீன் இடத்தை மாற்றும், இல்லை காலத்தை மாற்றும். இடத்தை மாற்றியது மத்தி. 1980-களின் நடுப்பகுதி வரை பெரும்பாலும் கேரளம், கர்நாடகம் பக்கமே கிடைத்த மீன், அப்புறம் தமிழ்நாட்டுக் கரையிலும் ஏராளமாகப் பிடிபட ஆரம்பித்தது.

காலத்தை மாற்றியது சங்கரா. எனக்கு ரொம்பப் பிடித்த ஆய்வு இது, அதுவும் நம்ம சென்னைக் கடலில் நடந்தது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் விஞ்ஞானி விவேகானந்தனும் உடன் பணியாற்றியவர்களும் வெவ்வேறு வருடங்களில் சினை முற்றிய சங்கராக்கள் எந்தெந்த மாதத்தில் வந்தன என்று கணக்குப் பார்த்தார்கள். 1980-ல் அப்படிப்பட்ட மீன்களில் சுமார் 35 சதவீதம் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலான வெயில் மாதங்களில் கிடைத்தன. 2004-ல் அதே மாதங்களில் எவ்வளவு தெரியுமா? வெறும் 5 சதவீதம்! மீதி 95 சதவீதமும் அக்டோபர் முதல் மார்ச் வரை. கால் நூற்றாண்டுக்குள் ஒரு மீன் தன் பிரசவ மாதத்தையே தள்ளி வைத்துவிட்டது.

இதை வைத்துத் தடைக்காலமே வீண் என்று யாரும் கிளம்பிவிடாதீர்கள். கடலில் சங்கரா மட்டுமா இருக்கிறது? இழுவலை ஓடாத இரண்டு மாதம் கடலடிக்கும் நல்லதுதான். ஆனால் தேதி சரியா என்று அடிக்கடி சோதிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. 2004-க்கு அப்புறம் கடல் இன்னும் சூடாகியிருக்கிறது. இன்றைய நிலவரத்தைப் பார்க்க ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் மாணவர்களை விட வசதியான ஆட்கள் யார்? மீன் வந்து இறங்கும் இடம் வீட்டுப் பக்கத்திலேயே இருக்கிறதே!

எப்படிச் செய்வது? முதலில் சரியான மீன். மார்க்கெட்டில் சங்கரா என்று விற்பதில் பல இனங்கள் உண்டு. நமக்கு வேண்டிய இனத்தின் அறிவியல் பெயர் நெமிப்டெரஸ் ஜப்பானிகஸ். ரோஸ் நிற உடம்பு, வாலின் மேல் முனையிலிருந்து மஞ்சள் நூல் போல ஒரு நீட்டம். அதைப் பார்த்து எடுங்கள். மீன் விற்கும் அக்காவிடம் பேச்சுக் கொடுங்கள்.

"அக்கா, இதுல சினை இருக்குமா?"

"வயித்த அமுக்கிப் பாரு கண்ணு, கெட்டியா இருந்தா இருக்கும்."

அவர் எந்த மாதம் சினை அதிகம் என்று சொல்கிறாரோ, அதையும் நோட்டில் எழுதுங்கள். அதுவும் தரவுதான்.

அடுத்து, முழு மீனையும் எடை போடுங்கள். வயிற்றைக் கீறினால் முதுகெலும்புக்குக் கீழே இரண்டு மடலாகச் சினை இருக்கும். முற்றாதது மெல்லிசாக இருக்கும், மணி தெரியாது. முற்ற முற்ற வயிற்றை அடைத்துக்கொண்டு, ரவை மாதிரி மணி மணியாகக் கண்ணுக்கே தெரியும். அதைத் தனியாக எடுத்து, நகை எடை பார்க்கும் சின்ன டிஜிட்டல் தராசில் வையுங்கள். சினை எடையை மீன் எடையால் வகுத்து 100-ஆல் பெருக்குங்கள். 200 கிராம் மீனில் 6 கிராம் சினை என்றால் 3. மாதா மாதம் இந்த எண்ணைக் குறித்து வந்தால், எந்த மாதம் ஏறுகிறது, எந்த மாதம் இறங்குகிறது என்று வரைபடமே சொல்லிவிடும். கடல் மேற்பரப்பு வெப்பநிலைக்கு கடல் தகவல் தரும் ஐதராபாத் இன்காய்ஸ் (INCOIS) நிறுவனத்தின் இணையதளத்தைப் பாருங்கள்.

இதில் ஒரு பெரிய சிக்கல் உண்டு. நமக்கு முக்கியமாக வேண்டியது ஏப்ரல், மே, ஜூன் மீன். அப்போதுதான் விசைப்படகு கடலுக்குப் போகாது! அந்த நேரத்தில் மார்க்கெட்டில் கிடைக்கும் சங்கரா கேரளத்திலிருந்து லாரியில் வந்ததாக இருக்கலாம். அது அரபிக்கடல் மீன். அதை நம் கணக்கில் சேர்த்தால் மொத்த ஆய்வும் கெட்டுப்போகும். ஃபைபர் படகுக்காரர்கள் தூண்டிலிலும் வலையிலும் பிடித்து வருவதை மட்டும், எங்கே பிடித்தது என்று கேட்டு வாங்குங்கள். ஐந்து மீன்தான் கிடைத்ததா? ஐந்து என்றே எழுதுங்கள். ஐம்பது என்று காட்ட வேண்டிய அவசியமே இல்லை.

வடசென்னைக் கடல் அரிப்பையும் பேசச் சொல்வீர்கள் என்று தெரியும். அதில் துறைமுகச் சுவர் வடக்கே போகும் மணலைத் தடுத்த கதை பெரியது, எல்லாவற்றையும் காலநிலை தலையில் கட்ட முடியாது. அது தனி வீடியோ.

பள்ளி மாணவர்களுக்குத் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு இருக்கிறது, இந்த ஆய்வு அதற்கு அருமையாகப் பொருந்தும். சினையின் நிலையைக் கண்டுபிடிப்பதில் சந்தேகம் வந்தால் பொன்னேரி மீன்வளக் கல்லூரியில் போய்க் கேளுங்கள். ஆசிரியர் யாராவது இதை வகுப்பில் செய்ய நினைத்தால் பள்ளி இருக்கும் ஊர்ப் பெயரோடு கமெண்ட் போடுங்கள். மீன் எடை, சினை எடை, தேதி, பிடித்த இடம் எல்லாம் ஒரே மாதிரி குறிக்க ஒரு அட்டவணை தயார் செய்து டிஸ்கிரிப்ஷனில் போடுகிறேன். நாலு பள்ளி ஒரே அட்டவணையில் எழுதினால்தான் ஒன்றோடு ஒன்று ஒப்பிட முடியும்.