பணப்பை யார் கையில்?

மதிப்புக்குரிய சேகரகுருவானவர் ஐயா அவர்களே, தலைமை தாங்கும் சபைமன்றத் தலைவர் அவர்களே, வெயிலையும் பொருட்படுத்தாமல் பக்கத்துச் சேகரத்திலிருந்து வந்திருக்கும் மூத்த போதகர் அவர்களே, பள்ளித் தலைமையாசிரியை அம்மா அவர்களே, கமிட்டி அங்கத்தினர்களே, பெண்கள் ஐக்கிய சங்கத் தாய்மார்களே, பாடகர் குழுத் தம்பி தங்கைகளே, பந்தல்காரர் உட்பட யாரையாவது விட்டிருந்தால் மன்னிக்க வேண்டும். உங்கள் அனைவருக்கும் ஸ்தோத்திரம்.

‘யூதாஸ் ஏன் காட்டிக்கொடுத்தான்?’ இதுதான் எனக்குக் கொடுத்த தலைப்பு. இயேசு ஆண்டவரின் பன்னிரண்டு சீஷரில் ஒருவனே அவரைப் பகைவரிடம் பிடித்துக்கொடுத்த கதை. பணம், பிசாசு, அரசியல் ஏமாற்றம் என்று மூன்று காரணங்கள் சொல்வதுண்டு. மூன்றையும் வரிசையாகப் பார்க்கலாம். முதலில் பணம். தேன் எடுத்தவன் புறங்கையை நக்கமாட்டானா?

ஆண்டவரின் வரலாற்றை எழுதிய சுவிசேஷக்காரர்கள் நால்வரும் இதில் ஒரே குரலில் பேசவில்லை. மாற்கு காரணமே சொல்வதில்லை: யூதாஸ் போனான், பிரதான ஆசாரியர்கள் சந்தோஷப்பட்டுப் பணம் தருவதாகச் சொன்னார்கள், அவ்வளவுதான். மத்தேயுவில் ‘எனக்கு என்ன கொடுக்கிறீர்கள்?’ என்று அவனே பேரத்தை ஆரம்பிக்கிறான்; 30 வெள்ளிக்காசுக்கு முடிகிறது. லூக்கா, சாத்தான் அவனுக்குள் புகுந்தான் என்கிறார். சீஷர்களின் பொதுப் பணப்பை யூதாஸ் கையில் இருந்தது; யோவான்தான் அந்தப் பணப்பைக்குள் கையை விட்டுப் பார்க்கிறார்.

பஸ்கா பண்டிகைக்கு ஆறு நாள் முன்பு பெத்தானியாவில் விருந்து. மார்த்தாள் பரிமாறுகிறாள், அது அவள் வழக்கம். நான்கு நாள் கல்லறையில் கிடந்து எழுந்த லாசரு பந்தியில் உட்கார்ந்திருக்கிறான். அவனைப் பார்க்கவே ஒரு கூட்டம் வந்து நிற்கிறது. செத்துப் பிழைத்தவன் எப்படிச் சாப்பிடுகிறான் என்று பார்க்க ஆசை இருக்காதா? அந்த நேரத்தில் மரியாள் ஒரு இராத்தல் நளத தைலத்தோடு வருகிறாள். ரோமக் கணக்கில் சுமார் 327 கிராம். நளதம் என்பது இமயமலைச் சடாமாஞ்சில் வேர்தான் என்பார்கள். நம் நாட்டு மருந்துக் கடையில் கேட்டால் பொட்டலம் கட்டித் தருவார்கள். அந்தக் காலத்தில் அது கடல் கடந்து போய்ச் சேருவதற்குள் விலை எங்கேயோ ஏறிவிடும். அவ்வளவையும் ஆண்டவர் பாதத்தில் ஊற்றித் தன் தலைமயிராலே துடைக்கிறாள். வீடே மணக்கிறது. ஒரே ஒருவனுக்குத்தான் மூக்கு வேலை செய்யவில்லை, மனக்கணக்கு ஓடுகிறது: ‘முந்நூறு பணம்! விற்று ஏழைகளுக்குக் கொடுத்திருக்கலாமே!’ திராட்சத்தோட்ட உவமையில் கூலியாளுக்கு நாளொன்றுக்கு ஒரு பணம், அதாவது தெனாரியம் என்ற ரோம நாணயம் ஒன்று. ஓய்வுநாட்களைக் கழித்தால் வருஷத்துக்கு 313 வேலைநாள். ஆக, ஏறக்குறைய ஒரு வருஷக் கூலி. மத்தேயுவில் சீஷர்கள் எல்லாருமே இப்படி முணுமுணுக்கிறார்கள் என்பதையும் மறைக்கக் கூடாது. யோவான் மட்டும் யூதாஸின் பெயரைச் சொல்லி, அவன் திருடன், பையில் போட்டதை எடுத்துக்கொள்கிறவன் என்று எழுதுகிறார்.

இப்போது 30 வெள்ளிக்காசுக்கு வருவோம். எருசலேம் ஆலயத்தில் செல்லுபடியான தீரு நாட்டு வெள்ளியாக அது இருந்தால், காசு ஒன்றுக்கு நாலு பணம், மொத்தம் 120. தைலத்தின் விலையில் பாதிகூட இல்லை. யாத்திராகமம் 21-இல், மாடு முட்டிச் செத்த அடிமைக்கு எஜமானுக்குத் தரச் சொன்ன தொகையும் 30 சேக்கல் வெள்ளிதான். பேராசைதான் காரணம் என்றால் இது படு நஷ்ட வியாபாரம். பையோடு கூடவே இருந்திருந்தால் இன்னும் கிடைத்திருக்கும். பெரிய தொகைக்கு ஆசைப்பட்டு அவன் விழவில்லை. சில்லறையில் கை பழகிவிட்டது, அதன் பிறகு எதற்கும் கை கூசவில்லை என்பது என் கட்சி.

அந்தப் பையில் யார் காசு? யோவன்னாள், சூசன்னாள் முதலான பெண்கள் தங்கள் ஆஸ்தியிலிருந்து கொடுத்து வந்ததாக லூக்கா 8 சொல்கிறது. கொடுத்தவர்களுக்கு யாராவது கணக்குக் காட்டியதாக ஒரு வரிகூட இல்லை. கடைசி இராப்போஜனத்தில் அவன் எழுந்து இருட்டில் வெளியே போகிறான். மற்றவர்கள் என்ன நினைத்தார்கள்? பண்டிகைக்குச் சாமான் வாங்கப் போகிறான், அல்லது ஏழைகளுக்குக் கொடுக்கப் போகிறான் என்று! ராத்திரியில், தனி ஆளாக, பையோடு போனாலும் ஒருவரும் கேட்கவில்லை. தேன் எடுத்தவன் புறங்கையை நக்கமாட்டானா? பதினொரு பேர் பக்கத்தில் இருந்தும் கையைப் பார்க்கவில்லையே!

பவுலைப் பாருங்கள். எருசலேம் ஏழைகளுக்கான தர்மப் பணத்தைத் தனியாகத் தூக்கிக்கொண்டு போகவில்லை. தீத்துவையும் இன்னும் இரண்டு சகோதரரையும் சேர்த்துக்கொள்கிறார். அவர்களில் ஒருவர் சபைகளே தெரிந்தெடுத்தவர். ஒருவரும் நம்மைக் குற்றம் சொல்லக் கூடாது என்று காரணத்தையும் 2 கொரிந்தியர் 8-இல் எழுதிவைத்தார்.

ஆகவே நம் சேகரத்துக்கு வருகிறேன். ஆராதனை முடிந்ததும், ஜனங்கள் கலைவதற்கு முன், உறவினர் அல்லாத மூன்று பேர் மேசையில் காணிக்கையைக் கொட்டி எண்ண வேண்டும். 500 எத்தனை, 100 எத்தனை, சில்லறை எவ்வளவு என்று தாள்வாரியாக எழுதி மூவரும் கையெழுத்திட வேண்டும். எண்ணியவர் வங்கிக்குப் போகக் கூடாது. வேறு ஆள் மறுநாளே கட்ட வேண்டும். தப்பு பெரும்பாலும் எங்கே நடக்கிறது? எண்ணுவதற்கு முன்பே ‘பந்தல்காரருக்கு அவசரம்’ என்று தட்டிலிருந்து எடுத்துக் கொடுப்பதில். அடுத்தது, அசன விருந்துப் பணத்தையும் கட்டட நிதியையும் ஒரே கணக்கில் போடுவதில். பொருளாளர் மூன்று வருஷத்துக்கு மேல் இருக்கக் கூடாது. தணிக்கை செய்பவர் அவருக்கு மைத்துனராகவும் இருக்கக் கூடாது. (சிரிப்பு) யாரையும் மனதில் வைத்துச் சொல்லவில்லை, ஐயா.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும், என் வாதத்துக்கே அது இடைஞ்சல்தான். யூதாஸ் எறிந்த காசைப் பிரதான ஆசாரியர்கள் காணிக்கைப்பெட்டியில் போடவில்லை. இரத்தக்கிரயம், சட்டம் இடங்கொடாது என்று ஆலோசனை பண்ணி, அந்நியரை அடக்கம்பண்ணக் குயவனுடைய நிலத்தை வாங்கினார்கள். கணக்கு சுத்தம். கை? அப்போஸ்தலர் 1-இலோ அந்த நிலத்தை யூதாஸே வாங்கினான் என்றிருக்கிறது. அதைப் பேச இன்னொரு மாலை வேண்டும்.

பிசாசைப் பற்றி வரும் ஞாயிறு குருவானவர் ஐயா பிரசங்கிப்பார்கள், நான் அதில் கைவைக்கவில்லை. அரசியல் ஏமாற்றம் என்பது, ரோமரை விரட்டும் ராஜாவை எதிர்பார்த்து ஏமாந்தான் என்ற ஊகம். சுவிசேஷங்களில் அதற்கு நேரடி ஆதாரம் இல்லை. 2006-இல் வெளியான, பழைய எகிப்தின் கோப்து மொழி ‘யூதாஸ் சுவிசேஷம்’ அவனை ஆண்டவரின் அந்தரங்கம் அறிந்தவனாகக் காட்டுவதையும் விரிவாகச் சொல்ல ஆசைதான். செயலாளர் ஐயா கடிகாரத்தைக் காட்டுகிறார்.

காணிக்கை எண்ணுவது பற்றி நான் சொன்ன யோசனைகளின் தீர்மான நகல் வாசல் மேசையில் இருக்கிறது. தேன் எடுத்தவன் புறங்கையை நக்கமாட்டானா என்று கேட்கிறவர்கள், கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போகலாம். வாய்ப்புக்கு நன்றி, ஸ்தோத்திரம்.