விரிஞ்சிபுரம் கல்வெட்டு தடுத்தது வரதட்சணையை இல்ல! உங்க ஊர்ல கல்வெட்டு முகாம் நடத்துறது எப்படி?

[திரையில்: விரிஞ்சிபுரம் கோயில் மதில், காலை வெயில்]

"திருவாரூர் தேரழகு, விரிஞ்சிபுரம் மதிலழகு"ன்னு பெரியவங்க சொல்லிக் கேட்டிருப்பீங்க. வேலூர்லருந்து ஆம்பூர் ரோட்ல போனா அந்த விரிஞ்சிபுரம் வந்துடும். அங்க மார்க்கபந்தீஸ்வரர் கோயில்ல ஒரு கல்வெட்டு இருக்கு. சக ஆண்டு 1347, அதாவது 1425-26. விஜயநகரத்து தேவராயர் காலம். படைவீட்டு ராஜ்ஜியத்துப் பிராமணர்கள், அதாவது அவங்கள்ல கன்னடியர், தமிழர், தெலுங்கர், இலாளர்னு எல்லாரும் கூடி ஒரு உடன்படிக்கை எழுதிக் கொடுக்கிறாங்க. இனிமே கல்யாணம்னா கன்னியாதானமாத்தான், அதாவது பொன் வாங்காமத்தான் பண்ணணும். பொன் வாங்கிட்டுப் பொண்ணு குடுக்கிற அப்பாவுக்கும் ராஜதண்டனை, பொன் குடுத்துப் பொண்ணு கட்டுற மாப்பிள்ளைக்கும் ராஜதண்டனை. ரெண்டு பேரையும் பிராமண சமூகத்தை விட்டே தள்ளி வெச்சுடுவாங்க.

இதை "அந்தக் காலத்து வரதட்சணை ஒழிப்புக் கல்வெட்டு"ன்னு சொல்றவங்க நிறைய பேர். இப்ப நல்லா கவனிங்க. பொன் வாங்குறது யாரு? பொண்ணோட அப்பா. குடுக்கிறது? மாப்பிள்ளை. அப்போ இது வரதட்சணையே இல்ல, பரிசப் பணம்! பணம் போற திசையே தலைகீழ். கல்லுல என்ன இருக்குன்னு வரி வரியா உக்காந்து படிச்சா அஞ்சு நிமிஷத்துல தெரிஞ்சிடும். கேள்விப்பட்டதை அப்படியே மேடையில சொன்னா, அந்தத் தப்பு இன்னும் அம்பது வருஷம் ஓடும்.

ஊருக்கு ஊர் இருக்கிற வரலாற்று மன்றங்கள் நடத்துற நிகழ்ச்சிகள்லயே எனக்கு ரொம்பப் பிடிச்சது கல்வெட்டு முகாம்தான். காரணம் இதுதான். பத்து சொற்பொழிவு வைக்கிறதை விட, ஒரு கல்லை இருபது பேர் சேர்ந்து படிக்கிறது மேல். இந்த வீடியோ பெரும்பாலும் அதைப் பத்தித்தான்.

[திரையில்: வேலூர் கோட்டை அகழி]

மத்த நிகழ்ச்சிகளைச் சட்டுனு சொல்லிடுறேன். ஜூலை 10, 1806 வேலூர் சிப்பாய்ப் புரட்சி நாள், அன்னிக்குக் கோட்டை நடை வைக்கலாம். ஏப்ரல் 18 உலகப் பாரம்பரிய தினம், நவம்பர் 19லருந்து 25 வரைக்கும் பாரம்பரிய வாரம். நடைன்னா காலையில ஆறரைக்கே ஆரம்பிச்சிடுங்க. வேலூர் வெயிலோட மல்லுக்கட்ட முடியாது. ஒரு குழுவுக்கு 25 பேருக்கு மேல வேணாம், நிக்கிற இடம் அஞ்சு போதும். பாலாத்தங்கரையில இருக்கிற முத்து மண்டபத்தை மட்டும் விட்டுடாதீங்க. கண்டியோட கடைசி ராஜா விக்கிரமராஜசிங்கன் 1832ல வேலூர்லதான் இறந்தார், அவர் சமாதி அங்கதான் இருக்கு. இதுக்குன்னே தனி வீடியோ போடலாம்.

சரி, முகாமுக்கு வருவோம். கல்வெட்டு மேல ஈரக் காகிதம் ஒட்டி, மை ஒத்தி எழுத்தைப் படி எடுத்து, எல்லாரும் சேர்ந்து படிக்கிறதுதான் முகாம்.

முதல் வேலை பேப்பர், மை வாங்குறது இல்ல. அனுமதிக் கடிதம் வாங்குறது. மத்திய தொல்லியல் துறைப் பாதுகாப்புல இருக்கிற இடம்னா அவங்க எழுத்துல அனுமதி குடுக்காம சுவத்துல கை வைக்கவே கூடாது. மாநிலத் தொல்லியல் துறை இடத்துக்கும் அதேதான். அறநிலையத் துறைக் கோயில்னா செயல் அலுவலர்கிட்ட கேக்கணும். அப்புறம் தேதி. பிரதோஷம், கிருத்திகை, முகூர்த்த நாள் எதுவும் வேணாம். செங்கம் பக்கம் போறதா இருந்தா பௌர்ணமியையும் தவிர்த்துடுங்க, திருவண்ணாமலை கிரிவலக் கூட்டத்துல பஸ் நகராது.

அடுத்தது எந்தக் கல்லுன்னு முடிவு பண்றது. வெள்ளை அடிச்ச சுவர், பழைய ஓவியம் இருக்கிற சுவர், பொடியா உதிர்ற கல், இது மூணையும் ஈரமாக்கவே கூடாது. எண்ணெய் பூசிக் கும்பிடுற கல்லும் வேணாம், அதுல காகிதம் ஒட்டவே ஒட்டாது. முதல் முகாமுக்குக் கருங்கல் சுவத்துல, தரையிலருந்து மார்பு உயரத்துக்குள்ள, நாலஞ்சு வரி இருக்கிற கல்வெட்டா பாத்து எடுங்க.

[திரையில்: பொருட்கள் பாயில் பரப்பி வைத்திருப்பது]

பொருள் ரொம்ப இல்ல. மேப்லித்தோ பேப்பர், ரெண்டு வாளி தண்ணி, சுத்தம் பண்ண ஒரு தேங்காய் நார் பிரஷ், தட்டுறதுக்கு அடர்த்தியா முடி இருக்கிற பிரஷ் ஒண்ணு. துணிக்குள்ள பஞ்சை இறுக்கி வெச்சுக் கட்டுன ஒரு உருண்டைப் பொட்டலம், மை ஒத்துறதுக்கு. மைன்னா விளக்குக் கரியும் பிசின் தண்ணியும் கலந்தது. ஒரு தட்டு, பழைய செய்தித்தாள், பென்சில். நாலு பேருக்கு ஒரு செட். இருபது பேர்னா அஞ்சு செட்.

கல்லை வெறும் தண்ணி ஊத்தி, நார் பிரஷ்ஷால மெதுவா தேச்சுக் கழுவணும். கம்பி பிரஷ், ஆசிட், சோப்புத் தூள் எதுவும் பக்கத்துலயே வரக்கூடாது. ஆயிரம் வருஷம் தாங்குன எழுத்து, ஒரு கம்பி பிரஷ் பட்டா ஒரே காலையில மழுங்கிடும்.

கல் ஈரமா இருக்கும்போதே காகிதத்தைத் தண்ணியில முக்கி எடுத்து, ரெண்டு பேர் ரெண்டு பக்கமும் பிடிச்சு, மேலருந்து கீழ ஒட்டணும். அப்புறம் பிரஷ்ஷால தட்டணும். தேய்க்கிறது இல்ல, நேர் குத்தாத் தட்டுறது. நடுவுல ஆரம்பிச்சு ஓரத்துக்குப் போகணும். அப்பத்தான் உள்ள மாட்டுன காத்துக் கொப்புளம் வெளியேறும். காகிதம் எழுத்துப் பள்ளத்துக்குள்ள மெதுவா இறங்கும். ஒரு கட்டத்துல வெள்ளைக் காகிதத்து மேலயே 'திரு' தெரிய ஆரம்பிக்கும் பாருங்க, அதுவரைக்கும் போனை நோண்டிட்டிருந்த பையன் கூட எட்டிப் பாப்பான்!

இப்பத்தான் அவசரப்படக் கூடாது. மொத்த முகாமும் கெடுறது இந்த இடத்துலதான். காகிதம் சொதசொதன்னு இருக்கும்போது மை வெச்சா மை ஊறிப் பரவி எழுத்தே அழிஞ்சிடும். முழுசாக் காஞ்சா காகிதம் கல்லை விட்டு எழும்பிடும். நடுவுல ஒரு பக்குவம் இருக்கு. ஈரத்துல மங்கலா, சாம்பல் நிறமா இருந்த காகிதம் வெளுக்க ஆரம்பிக்கும். புறங்கையை வெச்சா சில்லுனு இருக்கும், ஆனா ஈரம் ஒட்டாது. அதுதான் நேரம். சித்திரை வெயில்ல அந்தப் பக்குவம் கண்ணு மூடித் திறக்கிறதுக்குள்ள தாண்டிடும். அதனால காலையில எட்டரைக்குள்ள முடிக்கிற மாதிரி பாருங்க, இல்லன்னா ஒரு ஆள் துணி பிடிச்சு நிழல் குடுக்கணும்.

மைப் பொட்டலத்தை முதல்ல செய்தித்தாள்ல ரெண்டு தட்டு தட்டி அதிகப்படி மையை எடுத்துடுங்க. அப்புறம் காகிதத்து மேல லேசா ஒத்தி ஒத்தி எடுக்கணும். ஒரே தடவையில கருப்பாக்கப் பாக்காதீங்க, மூணு சுத்து வரட்டும். மேடான இடத்துல மட்டும் மை பிடிக்கும், பள்ளத்துல இருக்கிற எழுத்து வெள்ளையா நிக்கும். கருப்புல வெள்ளை எழுத்து. இதுக்குப் பேர்தான் மைப்படி. இதுல எனக்கு ரொம்ப அழகாத் தெரியுற விஷயம், எழுத்து கண்ணாடியில பாக்குற மாதிரி திரும்பி வராது, நேராவே படிக்கலாம். மை வைக்கிறது கல்லு மேல இல்ல, காகிதத்தோட வெளிப்பக்கம். கல்லுல ஒரு சொட்டு மை கூடப் படாது. பட்டா அது உங்க தப்பு. காகிதம் கிழிஞ்சிருக்கு, இல்ல கல்லோட ஓரம் வரைக்கும் மையை இழுத்திருக்கீங்க. ஓரத்துல ரெண்டு விரல் அகலம் சும்மா விடுங்க.

நீளமான கல்வெட்டுன்னா அடுத்த காகிதம் முந்தினது மேல ரெண்டு அங்குலம் ஏறி வரணும். அப்படி ஏறலன்னா நடுவுல ஒரு எழுத்து காணாமப் போகும், அது பெரும்பாலும் ராஜா பேராவே இருக்கும்! கோயில் அடித்தளத்துல உருண்டையா வர்ற குமுதம்ங்கிற அடுக்குல எழுதியிருந்தா முழுத் தாளை ஒட்டாதீங்க, சுருங்கி மடிப்பு விழும். பட்டையா வெட்டி ஒட்டுங்க.

உரிச்சதும் பின்பக்கம் பென்சில்ல எழுதணும்: ஊர், கோயில், எந்தச் சுவர், அடித்தளத்துல எந்த அடுக்கு (ஜகதியா குமுதமா பட்டிகையா), எத்தனாவது தாள், மேல் பக்கம் எதுன்னு ஒரு அம்புக்குறி, தேதி. இது இல்லாத மைப்படி வெறும் கருப்புக் காகிதம்தான்.

[திரையில்: மரத்தடியில் விரித்த மைப்படி, சுற்றி ஆட்கள்]

டீ குடிச்சிட்டு, மரத்தடியில விரிச்சுப் போட்டு, சத்தமா எழுத்துக் கூட்டிப் படிக்க வைங்க. கல்வெட்டுல பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது. 'பட்டான் கல்'னு இருக்க வேண்டியது 'படடான கல'ன்னு நிக்கும். எகர ஏகாரம், ஒகர ஓகாரம் வித்தியாசமும் தெரியாது. துணைக்காலும் ரகரமும் ஒண்ணு போலவே இருக்கும். ஒருத்தர் மட்டும் படிச்சா மாட்டிக்குவாரு, நாலு பேர் நாலு விதமா உச்சரிச்சா ஒருத்தர் வாயிலருந்து சரியான சொல் வந்து விழும். இந்த வேலையில கிராமத்துப் பெரியவங்களுக்கு இருக்கிற திறமை நமக்குக் கிடையாது. ஏரி மதகு, கலிங்கு, நன்செய், புன்செய்னு கல்லுல வர்ற சொல்லெல்லாம் அவங்க தினமும் பேசுறது.

இப்ப நடுகல், அதாவது சண்டையில இறந்த வீரனுக்கு எடுத்த கல். பழைய வடஆற்காடு நடுகல்லுக்குத் தாய்வீடு. எடுத்தனூர்ல ஒரு நடுகல். மகேந்திரவர்மனோட 34ஆம் ஆட்சியாண்டு, அதாவது ஏழாம் நூற்றாண்டு, வட்டெழுத்துங்கிற பழைய எழுத்து. எருமைகளைக் காக்கிறதுக்காகச் சண்டை போட்டு இறந்த கருந்தேவக்கத்திக்கு எடுத்த கல் அது. அவன் பக்கத்துல ஒரு நாய் செதுக்கியிருக்கு. அதுக்குன்னு தனியா எழுதியும் வெச்சிருக்காங்க: கோவிவன்னு பேரு, கள்ளனைக் கடிச்சுக் காத்து நின்னுச்சு. ஒரு நாயோட பேரைக் கல்லுல வெட்டி வெச்ச ஊர்க்காரங்க மனசை நினைச்சா எனக்கு ஒவ்வொரு தடவையும் தொண்டை அடைக்குது.

ஆனா நடுகல் நிறைய ஊர்ல இன்னிக்கும் சாமி. செங்கம் பக்கம் வேடியப்பன்னு கும்பிடுறாங்க. மேல எண்ணெய், மஞ்சள். அங்க மைப்படி வேணாம். எழுத்து தெரியட்டும்னு மைதா மாவு, சாக்பீஸ் தூள் தடவுறதும் வேணாம். மாவுக்கு எறும்பும் பூஞ்சையும் வரும், தூள் கல்லோட நுண்துளையில போய் அடைச்சுக்கும். ஒரு டார்ச் போதும். பொழுது சாஞ்சப்புறம், ஊர்ப் பெரியவங்க பூசாரிகிட்ட கேட்டுட்டு, டார்ச்சைக் கல்லோட பக்கவாட்டுல, கிட்டத்தட்டக் கல்லை ஒட்டினாப்புல சாய்ச்சுப் பிடிங்க. பள்ளத்துல எல்லாம் நிழல் விழுந்து எழுத்து எழும்பி வரும். இடம், வலம், மேல், கீழ்னு நாலு திசையிலருந்தும் ஒவ்வொரு படம் எடுக்கணும். ஒரு திசையில மறையுற கோடு இன்னொரு திசையில தெரியும். பகல்னா கல்லு மேல நேர் வெயில் படாம கம்பளியால மறைச்சுக்கிட்டு, முகம் பாக்குற கண்ணாடியால வெயிலைப் பக்கவாட்டுலருந்து திருப்பி விடுங்க. பக்கத்துல ஒரு அளவுகோல் வைக்க மறக்காதீங்க.

பழைய படம், பத்திரம் ஸ்கேன் பண்ற நாளும் நடத்தலாம். பேரணாம்பட்டு, வாணியம்பாடி தோல் மண்டிக் கணக்குப் புத்தகம், குடியாத்தம் தீப்பெட்டி லேபிள்னு நம்ம பக்கத்து வீடுகள்ல இருக்கிற சரக்கு லேசுப்பட்டது இல்ல. படம்னா 600 டிபிஐ, பத்திரம்னா 300. கொண்டு வந்தவங்க கையிலேயே அன்னிக்கே திருப்பிக் குடுத்துடணும், ரசீது ரெண்டு பிரதி. தயவுசெஞ்சு லேமினேஷன் பண்ணாதீங்க, செல்லோடேப் ஒட்டாதீங்க. லேமினேஷனைத் திரும்பப் பிரிக்க முடியாது.

கடைசியா ஒரு விஷயம், இடத்தோட பேர். 1972ல தமிழ்நாடு தொல்லியல் துறை வெளியிட்ட செங்கம் நடுகற்கள் புத்தகத்தைத் தேடிப் போனா வடஆற்காடு மாவட்டம்னு இருக்கும். 1989ல மாவட்டத்தைப் பிரிச்சதுல செங்கம் திருவண்ணாமலைப் பக்கம் போயிடுச்சு. 2019ல வேலூரை மூணாப் பிரிச்சு ராணிப்பேட்டை, திருப்பத்தூர் வந்துச்சு. அதனால உங்க பதிவேட்டுல கிராமம், பழைய மாவட்டம், புது மாவட்டம், தாலுகா நாலையும் எழுதுங்க. கமெண்ட்லயும் அதே மாதிரி போடுங்க: ஊர், தாலுகா, கல் எங்க நிக்குது, டார்ச் அடிச்சு எடுத்த நாலு படம் இருக்கா இல்லையான்னு. எழுத்து தெளிவா தெரியுற கல்லா ஒண்ணை எடுத்து, அடுத்த வீடியோவுல வரி வரியாச் சேர்ந்து படிப்போம்.