என் தட்டில் எட்டுத் துண்டு, அவர் தட்டில் ஐந்து: ஒரு பழைய மதிப்பெண்ணைத் திருத்துகிறேன்

வணக்கம் மக்களே. இன்றைக்குப் புது உணவகம் எதற்கும் போகவில்லை. என் மேஜை, இந்தக் குறிப்பேடு, பக்கத்தில் ஒரு சின்ன எடைத்தராசு, அவ்வளவுதான். நான் கொடுத்த ஒரு மதிப்பெண் தப்பு. அதைத் திருத்த வேண்டும். எங்கே தப்பினேன் என்று முழுசாகச் சொல்லிவிட்டுத் திருத்துகிறேன்.

மூன்று மாதத்துக்கு முன்னால் ஓர் உணவகத்தில் பொரித்த மீன் சாப்பிட்டு வீடியோ போட்டிருந்தேன். ருசிக்குப் பத்துக்கு ஒன்பது, கொடுத்த காசுக்கும் பத்துக்கு ஒன்பது. "யோசிக்காமல் போங்கள்" என்று வேறு சொல்லியிருந்தேன். அதைப் பார்த்துவிட்டு ஒருவர் தன் அம்மாவை அழைத்துக்கொண்டு போயிருக்கிறார். போன வாரம் எனக்கு ஒரு போட்டோ அனுப்பினார். திட்டவில்லை. "உங்கள் வீடியோவில் எட்டுத் துண்டு இருக்கிறது, எங்களுக்கு ஐந்துதான் வந்தது. நாங்கள்தான் ஏதாவது தப்பாக ஆர்டர் செய்துவிட்டோமா?" என்று கேட்டிருந்தார்.

தப்புத் தன்மேல்தானோ என்று அவர் நினைத்திருக்கிறாரே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. உடனே என் வீடியோவைப் போட்டுப் பார்த்தேன். நிறுத்தி எண்ணினேன். எட்டுத் துண்டு. மேலே எலுமிச்சை இரண்டு வில்லை. அவர் போட்டோவில் எலுமிச்சையே இல்லை. இன்னொன்றையும் கவனித்தேன். என் வீடியோவின் ஓரத்தில், என் தோளுக்குப் பின்னால், உரிமையாளர் நின்றுகொண்டிருக்கிறார். நான் உள்ளே நுழைந்ததும் கேமராவை வெளியே எடுத்து, "இங்கே எடுக்கலாமா?" என்று கேட்டிருந்தேன். அந்த நிமிஷத்திலிருந்து எனக்கு வந்தது வாடிக்கையாளரின் தட்டு இல்லை, கேமராவுக்குப் போட்ட தட்டு. அதற்கு நான் ஒன்பது போட்டு, அதை உங்கள் கையில் கொடுத்துவிட்டேன்.

அந்த உணவகத்தை நான் குறை சொல்லவில்லை. வீடியோ எடுக்க ஆள் வந்திருக்கிறது என்றால் கூட ஒரு கை அள்ளிப் போடுவது எந்தச் சமையல்காரருக்கும் வரும். கவனிக்க வேண்டியவன் நான். நான் மதிப்பெண் போடும் தட்டும் உங்கள் முன்னால் வரும் தட்டும் ஒன்றாக இருக்க வேண்டும். அது இல்லையென்றால் நான் பேசுவது விமர்சனமே இல்லை.

இதெல்லாம் புதுப் பிரச்சினை என்று நினைக்காதீர்கள். 1803-ல் பாரிஸில் கிரிமோ டி லா ரேனியேர் என்பவர் உணவுக்கென்றே ஓர் ஆண்டுமலர் கொண்டுவர ஆரம்பித்தார். உணவு விமர்சனம் என்று இன்று நாம் சொல்வதன் தொடக்கமே அதுதான் என்று பலர் சொல்வார்கள். அவர் வீட்டில் ஒரு சுவைக் குழு கூடும். கடைக்காரர்கள் தங்கள் சரக்கை அனுப்பிவைப்பார்கள், குழு சாப்பிட்டுத் தீர்ப்புச் சொல்லும். அனுப்பியது கடைக்காரர் என்றால், பார்த்துப் பொறுக்கி நல்லதைத்தானே அனுப்பியிருப்பார்? அப்போதே அவர்மேல் பாரபட்சம் என்ற புகார் எழுந்தது. இருநூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் நாம் அதே இடத்தில்தான் நிற்கிறோம். அன்றைக்குச் சரக்கு வீட்டுக்கு வந்தது, இன்றைக்கு "வாங்க, சாப்பிடுங்க, பில் வேண்டாம்" என்று மெசேஜ் வருகிறது.

1993-ல் நடந்த ஒன்று இன்னும் நேரடியாக என் கதைக்குப் பொருந்துகிறது. நியூயார்க் டைம்ஸ் பத்திரிகைக்கு ரூத் ரைக்கல் உணவு விமர்சகராக வந்த வருஷம் அது. ஊரிலேயே பேர்பெற்ற ஓர் உணவகத்துக்கு விக் வைத்து, வேஷம் மாற்றி, யாரோ ஒருவராகப் போனார். காக்க வைத்தார்கள், கண்டுகொள்ளவே இல்லை. அப்புறம் அவர் யார் என்று தெரிந்த பிறகு போனபோது வரவேற்பே வேறு. இனிப்பின் மேலிருந்த ராஸ்பெர்ரிப் பழங்கள்கூட முன்பைவிடப் பெரிதாக இருந்தன. அவர் இரண்டு அனுபவத்தையும் ஒரே விமர்சனத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதினார், அந்தப் பத்திரிகை முன்பு கொடுத்திருந்த நான்கு நட்சத்திரத்தை மூன்றாகக் குறைத்தார். எனக்கு எட்டுத் துண்டு வந்ததும் அவருக்குப் பழம் பெரிதானதும் ஒரே விஷயம். அவர் கண்டுபிடித்துவிட்டார், எனக்கு ஒருவர் போட்டோ அனுப்பிச் சொல்ல வேண்டியிருந்தது.

சரி, இனி எப்படிச் செய்யப்போகிறேன் என்பதற்கு வருகிறேன். இந்தக் குறிப்பேட்டைப் பாருங்கள். பக்கத்தின் நடுவில் குறுக்கே ஒரு கோடு. கோட்டுக்கு மேலே ருசி, கீழே காசு. மேல் பாதியை எழுதி முடிக்கும்வரை விலையைப் பார்க்க மாட்டேன். என்னுடன் வருபவர்தான் மெனுவைப் பார்த்து ஆர்டர் சொல்வார். இது வீண் பிடிவாதம் இல்லை. 2008-ல் கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் ஓர் ஆய்வு செய்தார்கள். ஒரே ஒயினை, ஒருமுறை குறைந்த விலை சொல்லியும் இன்னொருமுறை அதிக விலை சொல்லியும் கொடுத்தார்கள். அதிக விலை சொன்னபோது நன்றாக இருக்கிறது என்றார்கள். பேச்சுக்குச் சொன்னது இல்லை, மூளையை ஸ்கேன் செய்து பார்த்தபோது இன்பத்தை உணரும் பகுதியும் கூடுதலாக வேலை செய்திருக்கிறது. விலை தெரிந்தாலே நாக்கு சாய்ந்துவிடும் என்றால், தெரியாமல் சாப்பிடுவதுதான் நியாயம்.

ருசி பார்க்கும்போது கேமரா மேஜைமேல் இருக்காது. இது என் இன்னொரு பெரிய தப்பு. முன்பெல்லாம் தட்டு வந்ததும் மேலிருந்து ஒரு ஷாட், பக்கத்திலிருந்து ஒன்று, பிய்த்துக் காட்டி ஒன்று. நானே நேரம் பார்த்தேன், ஆறு நிமிஷம் ஆகிறது. பொரித்த மீனுக்கு ஆறு நிமிஷம் என்பது ஓர் ஆயுள். உள்ளே இருக்கும் ஆவி வெளியே வர வழி தேடி மேல் மாவை நனைக்கும். எண்ணெயிலிருந்து எடுத்த சூட்டில் கடித்தால் 'மொறுக்' என்று உடையும் மேல்தோல், ஆறாவது நிமிஷம் பல்லோடு இழுபடும். தட்டில் படும் அடிப்பக்கம் அதற்கும் முன்னாலேயே நமுத்துவிடும். அந்தச் சமையல்காரர் சரியாகச் செய்து அனுப்பியதை நான் கெடுத்துவிட்டு, "மொறுமொறுப்பு போதவில்லை" என்று அவரைச் சொல்வது அநியாயம்.

சூடு மாறினால் ருசியும் மாறும். நாக்கில் இனிப்பை உணர்வதில் பங்குள்ள ஒரு புரதம் குளிரில் மந்தமாகவும் வெதுவெதுப்பில் சுறுசுறுப்பாகவும் வேலை செய்யும். ஐஸ்கிரீம் உருகி, குளிர் விட்ட பிறகு குடித்துப் பாருங்கள், திகட்டும். உறைந்திருக்கும்போது அதே சர்க்கரை அளவாகத் தெரியும். சூப்பின் வாசனை ஆவியோடு சேர்ந்துதான் வருகிறது. அதனால் எதை எந்தச் சூட்டில் கொண்டுவந்தார்களோ, அந்தச் சூட்டிலேயே முதல் வாய் போக வேண்டும். படம் எல்லாம் அப்புறம். இனிமேல் என் வீடியோவில் பாதி காலியான தட்டுகளைத்தான் பார்ப்பீர்கள், அதற்கு இப்போதே பழகிக்கொள்ளுங்கள்.

ஒரு வாயை வைத்துத் தீர்ப்பும் சொல்ல மாட்டேன். முதல் வாய் எப்போதும் ஏமாற்றும். பசியில் இருக்கும் நாக்குக்கு உப்பும் கொழுப்பும் தூக்கலாக இருந்தால் போதும், "ஆகா" என்றுவிடும். அதே உணவைத் தொடர்ந்து சாப்பிடச் சாப்பிட அதன்மேல் உள்ள ஆசை இறங்கிக்கொண்டே வரும், வேறு உணவின்மேல் அப்படியே இருக்கும். 1980-களின் தொடக்கத்திலேயே ஆய்வாளர்கள் இதைச் சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். எனவே முதல் வாய்க்கு ஒரு குறிப்பு, பாதித் தட்டில் ஒரு குறிப்பு, கடைசி வாயில் ஒரு குறிப்பு. கடைசி வாய்வரை கை தானாகத் தட்டுக்குப் போனால் அது நிஜமாகவே நல்ல சமையல். முதல் வாயில் ஒன்பது போட்டு, பாதியில் தண்ணீர் தேடி, மீதியை ஒதுக்கிவைத்தேன் என்றால் அது ஒன்பது இல்லை. அரை மணி கழித்தும் தொண்டை வறண்டு தாகம் எடுத்தால் அதையும் எழுதுவேன்.

இப்போது கோட்டுக்குக் கீழே வருகிறேன். நிறைய பேர் "காசுக்கு ஏற்றது" என்றால் மலிவு என்று எடுத்துக்கொள்கிறார்கள். இல்லை. "வீட்டில் செய்தால் மூன்றில் ஒரு பங்குதானே ஆகும்" என்றும் கேட்கிறார்கள். ஆமாம், ஆகும். உணவகத் தொழிலிலேயே பொதுவாக அப்படித்தான் கணக்கு, மெனு விலையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் பொருளுக்கான செலவு. மற்றதெல்லாம் வாடகை, சம்பளம், எரிபொருள், வீணாகப் போவது. அந்த மூன்றில் இரண்டு பங்குக்கு எனக்கு என்ன கிடைத்தது என்பதுதான் என் கேள்வி. வீட்டில் நானே கொண்டுவர முடியாத பக்குவம் கிடைத்ததா? பொருள் புதுசா? வயிறு நிறைந்ததா? இல்லை, பெரிய தட்டின் நடுவில் கொஞ்சம் வைத்து, ஓரமெல்லாம் அலங்காரம் போட்டு நிரப்பியிருக்கிறார்களா? கணக்குப் போடுவது மெனுவில் அச்சடித்த விலையை வைத்து இல்லை. வரி, சேவைக் கட்டணம், கேட்காமலே திறந்து வைத்த தண்ணீர் பாட்டில் எல்லாம் சேர்ந்து கடைசியில் கையைவிட்டுப் போகும் தொகையை வைத்து. பில்லை நான் கட்டுவேன். எப்போதும்.

"இலவசமாகச் சாப்பிட்டேன் என்று சொல்லிவிட்டால் போதாதா?" என்று சிலர் கேட்பீர்கள். சொல்லத்தான் வேண்டும், பல நாடுகளில் விதியே அப்படித்தான். ஆனால் அந்த அறிவிப்பு என்னைப் பற்றித்தான் சொல்லும். உங்கள் தட்டில் எத்தனை துண்டு வரும் என்று சொல்லாது. அதுவும் போக, காசு கொடுக்காமல் சாப்பிட்டதற்கு "காசுக்கு ஏற்றதா" என்று எப்படிச் சொல்வேன்?

அப்புறம், இரண்டு மதிப்பெண்ணையும் கூட்டி சராசரி போடச் சொல்லாதீர்கள். ருசி 9, காசுக்கு 5 என்றால் சராசரி 7. ருசி 5, காசுக்கு 9 என்றாலும் சராசரி 7. இரண்டும் ஒன்றா? முதலாவது, வருஷத்துக்கு ஒருமுறை ஒரு நல்ல நாளுக்கு அப்பா அம்மாவை அழைத்துக்கொண்டு போகும் இடம். இரண்டாவது, வேலை முடிந்து பசியோடு வரும் ஒருவர் வாரத்துக்கு மூன்று நாள் சாப்பிடும் இடம். கூட்டி ஏழு என்று சொன்னால் இரண்டு பேரையும் தப்பான கதவுக்கு அனுப்பிவிடுவேன். உணவகங்களைத் தரம் பார்த்துச் சொல்லும் மிஷ்லின் வழிகாட்டி 1926-லிருந்து சமையலுக்கு நட்சத்திரம் கொடுக்கிறது. நல்ல சாப்பாடு, கட்டுப்படியாகும் விலை என்ற இடங்களுக்கு 'பிப் குர்மான்' என்று 1997-ல் தனிப் பெயரே வைத்தார்கள், நட்சத்திரத்தோடு குழப்பவில்லை. அவர்கள் நட்சத்திரத்துக்குப் பார்க்கும் ஐந்து அளவுகோல்களில் ஒன்று, எப்போது போனாலும் தரம் அதேபோல இருக்கிறதா என்பது. அதற்கு ஒரே வழி திரும்பத் திரும்பப் போவதுதான். இனி நானும் மூன்று முறை போகாமல் மதிப்பெண் சொல்ல மாட்டேன். வீடியோ குறையும். பரவாயில்லை.

ஏன் இவ்வளவு மெனக்கெடுகிறேன் என்றால், நட்சத்திரம் ஒரு கடையின் கல்லாவைத் தொடுகிறது. ஹார்வர்டில் மைக்கேல் லூகா என்ற பொருளாதார ஆய்வாளர் 2011-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார். வாடிக்கையாளர்கள் நட்சத்திரம் போடும் யெல்ப் என்ற இணையதளத்தில் ஒரு நட்சத்திரம் கூடினால் வருமானம் 5 முதல் 9 சதவீதம்வரை கூடுகிறது, அதுவும் தனி உணவகங்களுக்குத்தான், பெரிய சங்கிலிக் கடைகளுக்கு அந்த மாற்றம் இல்லை. நாலு மேஜை போட்டுக் குடும்பமே நின்று சமைக்கும் இடத்துக்கு அது ஒரு ஆள் சம்பளம். நான் சும்மா தூக்கிக் கொடுத்த ஒன்பது, பக்கத்தில் ஒழுங்காக ஐந்துக்கு ஐந்து துண்டு வைக்கும் இன்னொருவரின் வாடிக்கையாளரை இழுத்திருக்கும்.

இப்போது திருத்தம். அந்த உணவகத்துக்குத் திரும்பவும் மூன்று முறை போனேன். கேமரா இல்லை, ஆர்டர் செய்யும்போது நான் உள்ளே இருக்கவும் இல்லை. முதல் இரண்டு முறையும் என் நண்பர் போய் உட்கார்ந்து ஆர்டர் செய்தார், தட்டு வந்தபின் நான் போய் எதிரில் உட்கார்ந்தேன். ஒருமுறை ஐந்து துண்டு, இன்னொருமுறை ஆறு. மூன்றாவது முறை பார்சல் வாங்கிவரச் சொல்லி இந்தத் தராசில் வைத்தேன். ஐந்து துண்டு, 190 கிராம். பார்சலில் மொறுமொறுப்பு போய்விடும் என்பதால் அதை எடைக்கு மட்டும் எடுத்துக்கொண்டேன்.

ருசி? ருசி பெரிதாகக் குறையவில்லை. மாவு மெல்லிசு, மீன் உள்ளே ஈரம் போகாமல் இதழ் இதழாகப் பிரிகிறது, கடைசி வாய்வரை எண்ணெய் திகட்டவில்லை. இரண்டு முறையும் அப்படியே. முதல் முறை உப்பு ஒரு சிட்டிகை தூக்கல், அதற்காக அரை மதிப்பெண் குறைக்கிறேன். ருசி 8.5. காசுக்கு ஒன்பது போட்டிருந்தேன், ஐந்து துண்டுக்கு அது நிற்காது. 6. பழைய வீடியோவின் தொடக்கத்தில் இந்த இரண்டு எண்ணையும் போட்டுவிட்டேன்.

போட்டோ அனுப்பியவருக்கும் பதில் எழுதிவிட்டேன். நீங்கள் சரியாகத்தான் ஆர்டர் செய்தீர்கள், தப்பு என் வீடியோவில் என்று. உங்கள் அம்மாவிடமும் சொல்லுங்கள். வேறு யாருக்காவது என் பழைய வீடியோவை நம்பிப் போய் இப்படி நடந்திருந்தால், தட்டைப் படம் எடுத்து அனுப்புங்கள், எந்தக் கிழமை, எத்தனை மணிக்குப் போனீர்கள் என்பதையும் எழுதுங்கள். ஒவ்வொன்றாக எடுத்து, திரும்பவும் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.