வீங்கினால் நல்ல சேதி

(ஆத்தூரில் ஓர் அறிவியல் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

மேடையில் இருக்கும் ஆசிரியப் பெருமக்களே, பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு பின்வரிசையில் அமர்ந்திருக்கும் தாய்மார்களே, எல்லோருக்கும் வணக்கம்.

வரும் வழியில் ஒரு மருந்துக்கூர்க்கன் வயலைப் பார்த்தேன். உங்களுக்கு அதைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. கிழங்கைத் தோண்டி, துண்டு போட்டுக் காயவைத்து, மூட்டை கட்டி அனுப்பிவிடுகிறீர்கள். அந்தக் கிழங்கைக் கொஞ்சம் மனத்தில் வைத்திருங்கள். பேச்சு முடிவதற்குள் அதன் சாறை நெதர்லாந்து நாட்டில், ஊட்ரெக்ட் நகரத்தில் ஓர் ஆய்வுக்கூடத்தில் பார்க்கப்போகிறோம்.

இன்று எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு ஆர்கனாய்டு. ஸ்டெம் செல்லிலிருந்து, அதாவது பல வகைச் செல்களைப் பெற்றுத் தரும் மூலச் செல்லிலிருந்து, கிண்ணத்தில் வளர்க்கும் துளியூண்டு திசு. தமிழில் ‘உறுப்புப் போலி’ என்று வைக்கலாமே என்றார் ஒரு நண்பர். போலி டாக்டர், போலி மருந்து என்று கேட்டுக் கேட்டு அந்தச் சொல்லே கெட்டுப்போய்க் கிடக்கிறது. ஆர்கனாய்டு என்றே சொல்லிவிட்டுப் போகிறேன்.

குடலிலிருந்து தொடங்குவோம். நம் சிறுகுடலின் உட்சுவரில் இருக்கும் செல்கள் நான்கைந்து நாளுக்கு மேல் தங்குவதில்லை. உதிர்ந்துகொண்டே இருக்கும், புதிது வந்துகொண்டே இருக்கும். பள்ளிப் புத்தகத்தில் குடலுறிஞ்சி படித்திருப்பீர்கள், விரல் விரலாக நீட்டிக்கொண்டிருக்கும். அந்த விரல்களுக்கு இடையில் குழிகள் உண்டு. புதுச் செல் பிறப்பது அந்தக் குழியின் அடியில். அங்கே உட்கார்ந்து பெற்றுப்போடும் ஸ்டெம் செல் எது என்று அடையாளம் கண்டது 2007இல், ஊட்ரெக்டில் ஹான்ஸ் கிளெவர்ஸ் என்பவரின் ஆய்வுக்கூடத்தில்.

அதே கூடத்துக்கு ஜப்பானிலிருந்து தோஷிரோ சாட்டோ என்ற குடல் மருத்துவர் வந்து சேர்ந்தார். எலியின் குடலிலிருந்து அந்த ஸ்டெம் செல் ஒன்றை, ஒன்றே ஒன்றை, எடுத்து மாட்ரிஜெல் என்ற கூழில் வைத்தார். நம் வீட்டுக் கடற்பாசி ஆறினால் இறுகும். இது நேர் எதிர், குளிரில் நீராக இருந்து உடல் சூட்டில் இறுகும். கூடவே மூன்று புரதங்கள். ஒன்று ‘பெருகு’ என்று சொல்லும். இன்னொன்று ‘இளமையாகவே இரு’ என்று சொல்லும். மூன்றாவது, ‘போதும், முதிர்ந்துவிடு’ என்று வரும் சைகையின் வாயை அடைக்கும். அவ்வளவுதான் சமையல்.

அந்த ஒற்றைச் செல் பெருகி உருண்டையானது. உருண்டைக்கு உள்ளே வெற்றிடம் வந்தது. பிறகு வெளிப்பக்கமாக மொட்டு மொட்டாகப் புடைத்தது. ஒவ்வொரு மொட்டும் ஒரு குழி! அடியில் ஸ்டெம் செல், பக்கத்தில் அதற்குத் துணைச் செல், மேலே சத்தை உறிஞ்சும் செல் என்று குடலில் எது எங்கே இருக்குமோ அது அங்கே. இந்த வரைபடத்தை யாரும் கொடுக்கவில்லை. 2009இல் இது வெளியானது. மனிதக் குடலிலும் செய்ய முடியும் என்று 2011இல் காட்டிவிட்டார்கள்.

அதிசயம்தான், ஆனால் முதல்முறை பார்த்த அதிசயம் இல்லை. 1907இலேயே ஹென்றி வில்சன் என்ற அமெரிக்கர் ஓர் உயிருள்ள கடற்பஞ்சை எடுத்துப் பட்டுத்துணியில் போட்டுப் பிழிந்தார். செல்கள் தனித்தனியாகத் தண்ணீரில் விழுந்தன. விழுந்தவை ஊர்ந்து போய் ஒன்றோடொன்று ஒட்டி மறுபடியும் கடற்பஞ்சாகவே ஆகிவிட்டன. செல்லுக்குத் தன் இடம் தெரியும். அதைக் கெடுக்காமல் இருப்பதற்கு நமக்கு நூறு வருடம் பிடித்திருக்கிறது.

குடலில் துளி திசுவைக் கிள்ளி எடுக்க முடியும். மூளையில் கிள்ள முடியுமா? அதற்குத்தான் ஜப்பானிய அறிவியலாளர் ஷின்யா யமனாக்கா வழி செய்தார். நான்கு மரபணுக்களைத் தூண்டிவிட்டால் தோல் செல்லும் கருவின் செல்போல ஆகிவிடும் என்று 2006இல் எலியில், மறு வருடம் மனிதரில் காட்டினார். 2012இல் நோபல் பரிசு. அப்படிப்பட்ட செல்லிலிருந்து வியன்னாவில் மேடலின் லங்காஸ்டரும் யூர்கன் நோப்லிக்கும் 2013இல் மூளைத் திசுவை வளர்த்தார்கள்.

உடனே பத்திரிகைகள் ‘குட்டி மூளை’ என்று எழுதின. எனக்கு அந்தச் சொல் பிடிக்கவே இல்லை. நான்கு மில்லிமீட்டர் இருக்கும். கருவில் முதல் சில மாதங்களில் இருக்கும் மூளைத் திசுவை ஒத்திருக்கும். ரத்தக்குழாய் கிடையாது, அதனால் பெரிதாக வளர்ந்தால் நடுவில் பிராணவாயு போகாமல் செல் செத்துப்போகும். கண் இல்லை, காது இல்லை, பார்க்க உலகமும் இல்லை. அதற்காகப் பயனில்லை என்று சொல்லிவிடாதீர்கள். 2015இல் பிரேசிலில் ஜிகா வைரஸ் பரவித் தலை சிறுத்த குழந்தைகள் பிறந்தபோது, வைரஸ்தான் காரணமா என்று கர்ப்பிணியிடம் சோதனை செய்து பார்க்க முடியுமா? 2016இல் இந்தத் திசுவில் வைரஸை விட்டுப் பார்த்தார்கள். நரம்புச் செல்லைப் பெற்றுத் தரும் தாய்ச் செல்களையே அது அழித்தது கண்ணுக்குத் தெரிந்தது.

இனி எலியே வேண்டாமா என்று கேட்பார்கள். புது மருந்துக்கு விலங்குச் சோதனை கட்டாயமில்லை என்று அமெரிக்கா 2022 டிசம்பரில் சட்டம் செய்தது; 2023இல் இந்தியாவும் விதியைத் திருத்தி ஆர்கனாய்டு போன்ற வழிகளுக்கு இடம் கொடுத்தது. நல்லதுதான். ஆனால் நான் சொன்னேனே மாட்ரிஜெல், அது எலியின் புற்றுக்கட்டியிலிருந்து எடுப்பது. எலியை வாசல் வழியாக அனுப்பிவிட்டுக் கொல்லைப்புறமாகக் கூட்டி வந்திருக்கிறோம்.

அதைவிட எனக்கு உறுத்தும் கேள்வி, இப்படி வளர்க்கும் திசு யாருடையது என்பது. 1951இல் ஹென்ரியெட்டா லாக்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணின் கட்டியிலிருந்து அவரைக் கேட்காமலே செல் எடுத்தார்கள். அது இன்றைக்கும் உலகமெங்கும் வளர்கிறது. ஆர்கனாய்டையும் திரவ நைட்ரஜனில் உறையவைத்து வருடக்கணக்கில் வைத்திருக்கலாம், வேண்டும்போது எழுப்பலாம். கொடுத்தவர் உயிரோடு எங்கோ காய்கறி வாங்கிக்கொண்டிருப்பார். கையெழுத்து வாங்கும்போது ‘இது பல வருடம் வாழும், கம்பெனிக்கும் போகலாம்’ என்று அவர் மொழியில் சொல்லித்தான் வாங்க வேண்டும்.

சரி, உங்கள் கிழங்குக்கு வருவோம்.

சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்று ஒரு பரம்பரை நோய். ஐரோப்பிய வழியினரிடம் அதிகம். செல்லின் மேல்சவ்வில் குளோரைடு உப்பு போய்வர ஒரு கதவு உண்டு. அந்தக் கதவு பழுது. உப்பு போகாவிட்டால் தண்ணீரும் போகாது. சளி பசைபோல இறுகி நுரையீரலை அடைக்கும். இந்தக் கதவைத் திறக்க 2012இல் அமெரிக்காவில் ஒரு மாத்திரைக்கு ஒப்புதல் கொடுத்தார்கள், ஐவாகாஃப்டர் என்று பெயர். அப்போது அதன் விலை வருடத்துக்கு ஏறக்குறைய 3 லட்சம் டாலர். அதுவும் முதலில் குறிப்பிட்ட ஒரு மரபணுப் பிழை இருந்தவர்களுக்கு மட்டும்தான் கொடுத்தார்கள். இந்த மரபணுவில் கண்டறிந்த மாற்றங்களோ 2000க்கு மேல். சில மாற்றங்கள் உலகத்திலேயே நாலைந்து பேருக்குத்தான் இருக்கும். நாலு பேரை வைத்து எப்படி மருந்துச் சோதனை நடத்துவது? சோதனை இல்லாமல் அவ்வளவு விலைக்கு எந்தக் காப்பீடு பணம் கொடுக்கும்?

ஊட்ரெக்டில் ஜெஃப்ரி பீக்மன் குழு 2013இல் வழி கண்டது. மலக்குடலில் ஒரு சின்னக் கிள்ளல், பெரிதாக வலிக்காது. அதிலிருந்து நோயாளியின் சொந்தக் குடல் ஆர்கனாய்டுகள். அவற்றின்மேல் ஃபோர்ஸ்கோலின் என்ற பொருளை விடுகிறார்கள். கதவைத் திறக்கச் சொல்லிச் செல்லுக்குள் சைகை அனுப்பும் பொருள் அது. கதவு நன்றாக இருந்தால் உப்பு உள்ளே பாயும், தண்ணீர் பின்னாலேயே போகும், உருண்டை ஒரு மணி நேரத்துக்குள் பலூன்போல உப்பும். கதவு பழுதென்றால் அப்படியே கிடக்கும். மாத்திரையைச் சேர்த்துப் பார்த்து, அப்போது உப்பினால், அந்த மருந்து இந்த ஆளுக்குக் கேட்கும். இப்படிப் பார்த்து, அரிய பிழை கொண்ட நோயாளிகளுக்கு அங்கே மருந்து கொடுத்தார்கள். கிண்ணத்தில் தெரிந்தது ஆளிடமும் தெரிந்தது.

ஃபோர்ஸ்கோலின் எங்கிருந்து வருகிறது? மருந்துக்கூர்க்கன் கிழங்கிலிருந்து. 1970களில் நம் நாட்டு ஆய்வுக்கூடங்களில்தான் அதைப் பிரித்தெடுத்தார்கள்.

தம்பி, அந்த விளக்கை அணையுங்கள். திரையில் ஒரே நோயாளியின் ஆர்கனாய்டுகள், பச்சைச் சாயம் ஏற்றியிருக்கிறது. ஒரு மணி நேரத்தை அரை நிமிடமாகச் சுருக்கியிருக்கிறேன். இரண்டு பக்கத்திலும் கிழங்குச் சாறு விட்டாயிற்று. இடது பக்கம் மாத்திரை இல்லை, வலது பக்கம் உண்டு. வலது பக்கத்தையே பாருங்கள்.